செவப்புத் துணி கட்டுன கொடம்

"சாமி, பயம் போறதுக்கு இன்னா வழி?"

"வாய மூடு."

திட்டல. பூங்காவனம் திட்டுனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். இது மெதுவா சொன்னது. சொல்லிட்டு ஒத்த விரலத் தூக்கி மேல காட்டுச்சு.

ஏகாம்பரம் மேல பாத்தாரு. லிஃப்ட்டோட கூரை. கூரையில ஒரு ஓட்டை. ஓட்டைக்கு மேல இருட்டு.

"இன்னா கேக்குது?"

காதத் தீட்டிக்கிட்டு நின்னாரு.

"ஒண்ணும் கேக்கல, சாமி."

"அதாண்ணே. நேத்து வரைக்கும் கேட்டுச்சு."

*

அது ஓடாத லிஃப்ட்டு.

ஆத்தோரத்து குடிசைங்களக் காலி பண்ணவங்களுக்குன்னு ஊருக்கு வெளிய கட்டுன அஞ்சு மாடி. தொறந்த அன்னிக்கு லிஃப்ட்டு ஒரு தடவ மேல போச்சு, ஒரு தடவ கீழ வந்துச்சு. அதோட அதுக்கு ஆசை தீந்துடுச்சு. கதவத் தொறந்து வெச்சிக்கிட்டு கீழயே நின்னுடுச்சு.

அதுக்குள்ள பாயப் போட்டு உக்காந்து பூ கட்டறது பூங்காவனம். நாப்பது வயசுப் பொம்பள. ரெண்டு காலும் சின்ன வயசுலயே போலியோவுல போச்சு. மாடி ஏற முடியாது.

யாராவது கஷ்டம்னு வந்து நின்னா ரெண்டு வார்த்த சொல்லும். அது பலிக்கும். அதனால பேரு லிஃப்ட் சாமி.

ஊர்ல இருக்கற சாமியாருங்க எல்லாம் மேல போற வழியச் சொல்றாங்க. இந்த சாமிக்கு மட்டும் மொத மாடிக்கே வழி கெடையாது.

சிஷ்யப்புள்ள ஏகாம்பரத்துக்கு அறுவத்தோரு வயசு. கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. முப்பது வருசம் ஜனங்கள "உள்ள போ, உள்ள போ"ன்னு தள்ளுன மனுசன். இப்ப ஒரு கதவு மூடியிருந்தா போதும், அவரே உள்ள போவ மாட்டாரு.

போன மாசம் பி பிளாக்குல தனியா இருந்த ஒருத்தரு செத்துட்டாரு. நாலு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. கதவ ஒடச்சு மொதல்ல உள்ள போனது ஏகாம்பரம்.

அந்த வாசன இன்னும் அவரு மூக்க வுட்டுப் போவல.

அன்னிக்கே ஓடியாந்து சாமி கால்ல வுழுந்தாரு. சாமி சொல்லுச்சு: "நீ ஒருத்தனா பயந்தா வெறும் நடுக்கம்தாண்ணே. பக்கத்து வூட்டுக்காரங்களையும் சேத்துக்கினு பயப்படு."

அப்பிடி உண்டானதுதான் ஏ பிளாக் அக்கம்பக்கத்துக் குழு. பதினோரு பேரு.

*

"இந்தப் பொந்து இருக்கே," பூங்காவனம் கூரை ஓட்டையக் காட்டுச்சு, "அஞ்சு மாடி சத்தமும் இது வழியா எறங்கும். குக்கர் விசிலு, சண்ட, இருமலு, எல்லாம். எந்த மாடின்னு மட்டும் தெரியாது. மூணு நாளா ஒரு கைக்கொழந்த அழுதுச்சு. மொத நாளு வீம்பா அழுதுச்சு. ரெண்டாம் நாளு கம்மிப் போன கொரல்ல. நேத்து பூனக்குட்டி மாதிரி."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நீ கேட்டத்தான் நானும் கேட்டேன்."

ஏகாம்பரம் மறுபடி ஓட்டையப் பாத்தாரு.

"தூங்குதோ இன்னாவோ."

"தூங்கட்டும். எந்த வூட்டுல தூங்குது, அத சொல்லு. காலையிலேர்ந்து போற வர்றவங்களை எல்லாம் கேட்டேன். குழு பாத்துக்குது, குழு பாத்துக்குதுன்னுட்டே போறாங்க."

அவரு விரல மடக்குனாரு. "கைக்கொழந்த ரெண்டே வூட்டுலதான். ரெண்டாவது மாடியில ஒண்ணு. அது தாய்மாமன் ஊருக்குப் போயி பத்து நாளாச்சு. இன்னொண்ணு நாலாவது மாடி. நாப்பத்தேழு."

"யாரு அது?"

"சுகந்தி. புதுசா வந்த பொண்ணு. நாலு வயசுல ஒரு பொண்ணு, அஞ்சு மாசத்துல ஒரு ஆம்பளப் புள்ள. புருசன் போர்வெல் லாரியில ஒரிசா பக்கம் போயிருக்கான். சொந்தபந்தம் கெடையாது." நெஞ்ச நிமித்திக்கிட்டாரு. "நம்ம குழு மொதல்ல எடுத்த வூடே அதுதான், சாமி. அமாவாசை நல்ல நாளுன்னு அன்னிக்கே ஆரம்பிச்சோம். இன்னியோட அஞ்சு நாளு. தண்ணி போவுது. சோறு போவுது. ஒரு கொறையும் இல்ல."

"சுகந்திய யாரு பாத்தது?"

"அதான் சொல்றேனே, தண்ணி போவுது..."

"தண்ணி போறது கெடக்கட்டும். சுகந்திய யாரு பாத்தது? எப்ப பாத்தது?"

ஏகாம்பரம் வாயத் தொறந்தாரு.

மூடுனாரு.

"இப்ப தானா மூடிக்கிச்சு பாரு," பூங்காவனம் சொல்லுச்சு. ஆனா சிரிக்கல. "ஓடுண்ணே. வெச்சவங்க எடுத்தவங்க எல்லாரையும் கேளு."

*

மத்தியானம் ரெண்டு மணி. தண்ணி லாரி வந்து நிக்குது. வெயிலு மண்டையப் பொளக்குது. வரிசையில ஆளுங்க கம்மி, கொடங்கதான் ஜாஸ்தி.

நாப்பத்தாறாம் நம்பர் கெஜலட்சுமி அங்க நின்னுச்சு. நாப்பத்தேழுக்கு அடுத்த கதவு. குழுவுல தண்ணி அதோட பொறுப்பு.

"கெஜா, அந்த சுகந்திப் பொண்ண எப்ப பாத்த?"

"நான் எங்கண்ணே பாத்தேன்? கதவத் தட்டக்கூடாதுன்னு நீதான சட்டம் போட்ட?"

போட்டாருதான். வாங்கறவங்களுக்குக் கூச்சமா இருக்கும், தட்டாம வெச்சிட்டு வந்துடணும்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. அவருக்கே அவர நெனச்சா பெருமையா இருந்துச்சு.

"வெச்சிட்டு ஓடியாந்துடுவேன்," கெஜலட்சுமி சொல்லுச்சு. "கொடம் கூட எங்க வூட்டு கொடம்தான். இங்க எல்லாம் ஒரே பச்சக் கொடம், மாறிடும்னு கழுத்துல ஒரு செவப்புத் துணி கட்டி வெச்சிருக்கேன். காலையில ரொப்பி வெப்பேன். மறுநா காலையில பாத்தா காலியா இருக்கும். மறுபடி ரொப்புவேன். தண்ணி குடிக்கறாங்க இல்ல, அப்ப நல்லாத்தான இருக்காங்க?"

"பாத்தியா, பாக்கலியா?"

"பாய் பாத்திருப்பாரு. சோறு அவருதான வெக்கறாரு?"

மொய்தீன் பாய் கீழ் வூட்டுல மளிகக் கட வெச்சிருக்கறவரு. ஒத்த ஆளா கடையையும் பாத்துக்கிட்டு ஆட்டோவும் வெச்சிருக்காரு.

"நானா? பொம்பள தனியா இருக்கற வூட்டு வாசல்ல நான் எதுக்குப்பா நிக்கப் போறேன்? பன்னெண்டு மணிக்கு கேரியர வெப்பேன். வெயிலு காலமாச்சே, ஜூஸ் போட்டுக் குடிக்கட்டும்னு ஒரு எலுமிச்சம்பழமும் வெப்பேன். வெச்சிட்டு ஒரே ஓட்டம். சாயந்தரம் கேரியரு கழுவி வந்துடுது. சாப்புடறாங்கன்னுதான அர்த்தம்?"

"கழுவி யாரு குடுக்கறது?"

"வேணி. அதக் கேளு. அது பாத்திருக்கும்."

வேணி அஞ்சாவது மாடிப் பொண்ணு. குழுவுல சுத்தம் அதோட பொறுப்பு. வராண்டா கழுவறது, கொசு வராம பாக்கறது. வேல சுத்தம்னா அப்பிடி ஒரு சுத்தம். தரையில வுழுந்தத எடுத்துத் துன்னலாம்.

மாடிப்படிய பினாயில் போட்டுத் தேச்சிக்கிட்டு இருந்துச்சு.

"நான் யாரையும் பாக்கலண்ணே. விடியறதுக்கு முன்ன போவேன். கொடத்துல தண்ணி நிக்கும். நின்ன தண்ணியில கொசு வந்தா டெங்குன்னு ஆபீசரு கத்துவாரு. அதனால அங்கயே வாசல்ல கொட்டி, துடப்பத்தால தள்ளி வுட்டுடுவேன்."

ஏகாம்பரம் ரெண்டு படி கிட்ட வந்தாரு.

"எவ்ளோ தண்ணி நிக்கும்?"

"கழுத்து வரைக்கும்."

"எல்லா நாளுமா?"

"ம்."

"கேரியரு?"

"சாயந்தரம் எடுக்கப் போவேன். மிச்சம் வெச்சிருப்பாங்க. நாய்க்குப் போட்டுட்டு கழுவிடுவேன்."

"எவ்ளோ மிச்சம், வேணி?"

வேணி தேய்க்கறத நிறுத்துச்சு. இப்பத்தான் அதுக்கே கேக்குது.

"மூடியே தொறக்கலண்ணே."

*

பாத்துக்குங்க. ஒருத்தி வெச்சா. ஒருத்தி கொட்டுனா. ஒருத்தரு வெச்சாரு. நாய் துன்னுச்சு. நடுவுல ஒரு சொட்டு தப்பல. அஞ்சு நாளா அந்த வூட்டுல யாரும் வெளிய வரலன்னு தெரியாத அளவுக்கு அவ்ளோ சுத்தமா நடந்துச்சு குழு.

ஏகாம்பரம் லிஃப்ட்டு வாசல்ல வந்து வுழுந்தாரு.

"சாமி. ஒருத்தரும் பாக்கல."

"அப்ப மேல போ."

"நீயும் வா."

"வரேன். லிஃப்ட்ட ரிப்பேர் பண்ணு."

"விளையாடாத சாமி. அந்தக் கதவு மாதிரி இதுவும் இருந்துச்சுன்னா?"



"இருந்தா இருக்கட்டும். ஏறு."

*

ஏறுனாரு.

மொத மாடியில கெஜலட்சுமி பின்னாடி வந்துச்சு. ரெண்டாவது மாடியில மொய்தீன் பாய். மூணாவதுல வேணி, கையில ஈரத் துடப்பத்தோட. நாலாவது மாடிக்கு வந்தப்ப குழு மொத்தமும் சேந்துடுச்சு. ஆரம்பிச்ச நாளுலேர்ந்து பதினோரு பேரும் ஒண்ணா ஒரு எடத்துல நின்னது அன்னிக்குத்தான்.

எல்லாரும் ஏகாம்பரத்துக்கு ஒரு அடி பின்னாடி. அவரு ஒரு அடி பின்னால வந்தா அவங்களும் ஒரு அடி போனாங்க.

நாப்பத்தேழாம் நம்பர் கதவு. பச்ச பெயிண்டு. வெளிய பாக்கற கண்ணாடி எப்பவோ பேந்து போயி, அந்த எடத்துல ஒரு ஓட்டை.

வாசல்ல கொடம். விடியறதுக்கு முன்ன வேணி காலி பண்ணத கெஜலட்சுமி மறுபடி ரொப்பி வெச்சிருந்துச்சு. கழுத்துல செவப்புத் துணி. பக்கத்துல கேரியரு. மூடி மேல ஒரு எலுமிச்சம்பழம்.

ஏகாம்பரம் மொதல்ல தட்டல. குனிஞ்சாரு. கதவுக்குக் கீழ இருக்கற சந்துல மூக்க வெச்சாரு.

பின்னாடி யாரோ அழுதாங்க.

பினாயில் வாசனதான் வந்துச்சு. வேற ஒண்ணும் வரல. அவருக்கு உயிரு பாதி திரும்புச்சு.

தட்டுனாரு.



மறுபடி தட்டுனாரு. "சுகந்தி! அம்மா சுகந்தி!"

உள்ள எதையோ தரையில இழுத்தாங்க. கர்ர்ருன்னு. இழுத்தாந்து கதவுல முட்டுக் குடுத்தாங்க.

"உயிரோட கீதுப்பா!"ன்னு மொய்தீன் பாய் கத்துனாரு.

அப்பறம்தான் அந்தக் கொரலு வந்துச்சு. தண்ணி இல்லாத கொரலு.

"போயிடுங்க. எங்கள வுட்டுடுங்க. நாங்க யாருக்கும் ஒண்ணும் பண்ணல."

"நாங்க நல்லவங்கம்மா..."

"எம்புள்ள ஒடம்பு அனலா கொதிக்குது. உள்ள புடிச்சி வெச்சிருந்த தண்ணியும் நேத்தோட தீந்துடுச்சு. இன்னும் இன்னா வேணும் ஒங்களுக்கு? வேணும்னா என்ன எடுத்துக்குங்க. அதுங்கள வுட்டுடுங்க."

"யாரும்மா இன்னா எடுத்தாங்க?"

"ஓட்டை வழியா எல்லாம் பாத்தேன். அமாவாசை அன்னிக்கு கொடம் வெச்சீங்க. செவப்புத் துணி கட்டி வெச்சீங்க. எலுமிச்சம்பழம் வெச்சீங்க. படையல் வெச்சீங்க. வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம ஓடுனீங்க. விடியறதுக்குள்ள வந்து எவளோ வாசல்ல தண்ணியக் கொட்டிட்டுப் போனா. பொணத்துக்குக் கொட்டற மாதிரி. மூணாம் நாளே புள்ளைக்கு சுரம் ஏறிடுச்சு."

எல்லாரும் கொடத்தப் பாத்தாங்க.

அஞ்சு நாளா அது வெறும் கொடம். இப்ப பாத்தா அதுக்கு ஒரு மொகம் இருக்கற மாதிரி இருந்துச்சு.

"ஐயோ," கெஜலட்சுமி வாயப் பொத்திக்கிச்சு. "அது அடையாளத்துக்கும்மா!"

"அது ஜூஸுக்கும்மா!" இது பாய்.

"நான் டெங்குக்குக் கொட்டுனேன்கா!" இது வேணி.

அவங்க சொன்னாங்களா, மீதி பேரும் ஆரம்பிச்சாங்க. பதினோரு பேரும் ஒரே நேரத்துல நல்லது சொன்னா எப்பிடி இருக்கும்? பேய் கூட்டம் மாதிரியே இருந்துச்சு. உள்ள அந்த சின்னப் பொண்ணு வீல்னு கத்துச்சு.

"செய்வினை வெக்கறவங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க!"ன்னு சுகந்தி அலறுச்சு.

யாரோ ஒருத்தரு கடப்பாரையத் தூக்கினு வந்தாரு. "ஒடச்சிடலாம். கொழந்தைக்கு சுரம்ங்கறா. இன்னா பேச்சு?"

இரும்பு தரையில பட்ட சத்தம் உள்ள கேட்டிருக்கணும்.

"ஒடைங்க," சுகந்தி சொல்லுச்சு. இப்ப கத்தல. "பின்னாடி பால்கனி கதவு தொறந்துதான் இருக்கு. நாலாவது மாடி. ஒடைங்க."

கடப்பாரையத் தூக்கியாந்தவரு அத ஒரு கொழந்தையப் படுக்க வெக்கற மாதிரி தரையில வெச்சாரு.

*

ஏகாம்பரம் நாலு மாடியும் எறங்கி வந்தாரு. எறங்குனாரான்னு தெரியல. வந்துட்டாரு.

பூங்காவனம் கையில பூவு இல்ல. நூலு மட்டும் இருந்துச்சு.

"கேட்டுச்சு," ன்னுச்சு. மேல ஓட்டையப் பாத்துச்சு. "எல்லாம் கேட்டுச்சு."

"கொழந்த சத்தம் இன்னும் வரல சாமி. அந்தப் பொண்ணு பால்கனிங்குது. இன்னா சொன்னா கதவத் தொறக்கும்? நீ சொல்லு, நான் அத அப்பிடியே போயி சொல்றேன்."

"சொல்லி ஆவாது."

"அப்ப இன்னாதான் பண்றது?"

பூங்காவனம் ஒரு கொத்து மல்லிய எடுத்துச்சு. கீழ வெச்சுச்சு.

"மத்தியானம் சாப்ட்டியாண்ணே?"

"இன்னா?"

"சாப்ட்டியா, இல்லியா?"

"இல்ல. அதுக்கு இன்னா இப்ப?"

"போயி சாப்புடு."

ஏகாம்பரத்துக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "மூணு உயிரு மேல ஊசலாடுது. என்ன சோறு துன்னச் சொல்றியா? ஒன்னப் போயி சாமின்னு கூப்ட்டேன் பாரு, என்ன அடிக்கணும்."

"அடிச்சிக்கோ. சாப்ட்டுட்டு அடிச்சிக்கோ. நேரமாவுது, போ."

அது மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. கை மட்டும் வெறும் நூலுல முடிச்சு போட்டுக்கிட்டே இருந்துச்சு.

*

அவரு திட்டிக்கிட்டே ஏறுனாரு. மொத மாடி வரைக்கும் சாமியத் திட்டுனாரு. ரெண்டாவது மாடி வரைக்கும் லிஃப்ட்டத் திட்டுனாரு.

மூணாவது மாடி திருப்பத்துல நின்னாரு.

எந்த சோத்தன்னு சாமி சொல்லலியேன்னு அப்பத்தான் ஒறச்சுது. அப்பறம் ரெண்டு ரெண்டு படியா ஏறுனாரு.

"எல்லாரும் தள்ளுங்க. அந்த மூலைக்குப் போங்க. ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க."

நாப்பத்தேழாம் நம்பர் கதவுக்கு எதுக்க சம்மணம் போட்டு உக்காந்தாரு. ஓட்டைக்கு நேரா, உள்ளேர்ந்து பாத்தா மொகம் தெரியற மாதிரி.

கொடத்துக் கழுத்துல இருந்த செவப்புத் துணிய அவுத்தாரு. அதால மூஞ்சியத் தொடச்சாரு. கழுத்தத் தொடச்சாரு. அக்குளையும் தொடச்சாரு.

கொடத்தத் தூக்கி அண்ணாந்து கடகடன்னு குடிச்சாரு. பாதி சட்டையில ஊத்திக்கிச்சு.

எலுமிச்சம்பழத்த எடுத்தாரு.

"அதத் தொடாதண்ணே!"ன்னு கெஜலட்சுமி கத்திடுச்சு.

வெச்சவங்களே பயந்தாங்க. அப்பிடி ஆயிடுச்சு நெலம.

பல்லால கடிச்சாரு. கண்ணு ஒண்ணு தானா மூடிக்கிச்சு. கேரியரத் தொறந்து சோத்து மேல பிழிஞ்சாரு. பருப்ப ஊத்துனாரு. பெசஞ்சாரு. உருண்ட புடிச்சு வாயில போட்டாரு.

கதவு ஓட்டை இருட்டாச்சு. உள்ளேர்ந்து ஒரு கண்ணு.

"எம்பேரு ஏகாம்பரம்," வாயில சோத்தோட சொன்னாரு. "கீழ பன்னெண்டாம் நம்பரு. கண்டக்டரா இருந்தேன். பொண்டாட்டி செத்து ஆறு வருசம் ஆவுது. வந்த அன்னிக்கே ஒங்கிட்ட இதச் சொல்லியிருக்கணும்மா. சொல்லல."



"பருப்புல உப்பு கம்மி," ன்னாரு.

மூலையிலேர்ந்து மொய்தீன் பாய் மெதுவா சொன்னாரு: "என் சம்சாரத்துகிட்ட நீயே சொல்லிக்கோப்பா. எனக்கு தைரியம் இல்ல."

"நடிக்காத," ன்னுச்சு கதவு.

"நடிப்புக்கு இவ்ளோ துன்ன முடியுமாம்மா?"

"கொஞ்ச நேரம் இரு. ரத்தம் கக்கறியான்னு பாக்கறேன்."

"சரிம்மா. இருக்கேன்."

இருந்தாரு.

நல்ல மனுசன்தான். பயம் இல்லன்னு சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்துல அவரு வயித்துல ஒரு சத்தம் வந்துச்சு. வராண்டா மொத்தமும் அவரு வாயப் பாத்துச்சு. அவரே ஒரு கைய வெச்சு வாயத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

ஏப்பம் வந்துச்சு.

கெஜலட்சுமி மூலைய வுட்டு வந்துச்சு. அவரு பக்கத்துல உக்காந்துச்சு.

"நான் கெஜா. ஒன் பக்கத்து வூடு. ஒங்க கொழந்த அழுதது செவுத்து வழியா எனக்குக் கேட்டுச்சு. பாலும் குழுவுல யாராவது குடுப்பாங்க, அழுது ஓஞ்சிடும்னு நெனச்சேன். பாலு யாரும் குடுக்கவே இல்ல." அது ஒரு வாய் சோத்த எடுத்து கண்ண மூடிக்கிட்டு முழுங்குச்சு.

அப்பறம் பாய் வந்தாரு. "மொய்தீன். கீழ கட. பழம் வெச்சது நான்தான்." ஒரு வாய்.

வேணி துடப்பத்த செவுத்துல சாச்சு வெச்சிட்டு வந்துச்சு. பேரு சொல்ல வரல அதுக்கு. அழுதுக்கிட்டே ஒரு வாய்.

நாலு பேரும் ஒரே கேரியர்ல. மெல்லற சத்தம் மட்டும்.

அப்ப உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு. பூனக்குட்டி மாதிரி. அதவிட சின்னதா.

நாலு பேரு வாயும் அப்பிடியே நின்னுச்சு.

"பாய்," ஏகாம்பரம் திரும்பாமலே சொன்னாரு. "ஆட்டோவ வாசல்ல கொண்டாந்து நிறுத்து. சத்தம் போடாம போ."

பாய் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு எறங்குனாரு.

கதவுக்குக் கீழ சந்துல நாலு சின்ன விரலு தெரிஞ்சுது.

"தாத்தா," ஒரு கொரலு, தரையோட தரையா. "எல்லாத்தையும் துன்னுடாத."

ஏகாம்பரம் கேரியர கதவுப் பக்கம் தள்ளி வெச்சாரு.

உள்ள மறுபடி எதையோ இழுத்தாங்க. கர்ர்ருன்னு. இந்தத் தடவ கதவ வுட்டு அந்தப் பக்கமா.

தாப்பா வெலகற சத்தம்.

கதவு ஒரு சாண் தொறந்துச்சு. சுகந்தி நின்னுச்சு. ஒதடு வெடிச்சிருந்துச்சு. அது யாரையும் பாக்கல. ஏகாம்பரத்தோட வாய மட்டும் பாத்துச்சு. மீசையில ஒரு சோத்துப் பருக்க ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

கொழந்தைய நீட்டுச்சு. அனலு தூரத்துலயே அடிச்சுது.

ஏகாம்பரம் எழுந்தாரு. கைய நீட்டுனாரு. பாத்துட்டு, சடக்குன்னு பின்னால இழுத்துக்கிட்டாரு. முழங்கை வரைக்கும் பருப்பு.

"எச்சக் கையிம்மா. இரு, கழுவிட்டு வந்துடறேன்."

"அப்பிடியே புடிங்க," ன்னுச்சு சுகந்தி.